பிரசவத்துக்குச் சைபீரியா போகும் காப்பார்ப் பறவைகள்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கிள்ளான் ஆற்றை நின்று பார்ப்பவர்கள் குறைவு. சிமெண்டுக் கரை, தே தாரிக் நிறத்தில் தண்ணீர், மிதந்து போகும் பாட்டில்கள். பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் கரைச் சரிவில் கைக்கடக்கமான ஒரு பறவையைக் கண்டேன். மேலே பழுப்பு, அடியில் வெள்ளை. நாலு அடி நடந்தால் நாலு தடவை பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டியது. உள்ளான். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை ஆற்றங்கரைகளில் முட்டையிடும் இனம். குளிர்காலத்தைக் கழிக்க அதற்கு நம் ஊர்ச் சாக்கடையோரமே போதுமாக இருக்கிறது.

இது ஒற்றை ஆள். கூட்டத்தைப் பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டும். கிள்ளானைத் தாண்டி காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர் என்று வடக்கே நீளும் கரையில் மணல் குறைவு, சேறுதான் அதிகம். குளிக்க வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கடல் வற்றும்போது வெளிப்படும் அந்தச் சேற்றில் புழுவும் நண்டும் சிப்பியும் நெளிகின்றன. நாம் குவே தியாவில் போட்டுத் தின்னும் கெராங் சிப்பியும் இதே மாதிரிச் சேற்றில்தான் வளர்கிறது. ஆகஸ்டு பிறந்ததும் வடதுருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மூக்கன்களும் இங்கே இறங்கத் தொடங்கும்.

இவை புறப்பட்டு வரும் தூந்திரம் எப்படிப்பட்ட இடம்? மரமில்லாத சமவெளி. மண்ணுக்கடியில் ஆண்டு முழுவதும் உறைநிலை. சைபீரியாவின் சில பகுதிகளில் அந்த உறைமண் ஆயிரம் மீட்டருக்கும் கீழே போகிறது. கோடையில் மேல்தோல் மட்டும் இளகும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் ஆயிரமாயிரம் குட்டைகளாகத் தேங்கும். குட்டை என்றால் கொசு. ஜூன், ஜூலையில் சூரியன் மறைவதில்லை. கொசுவும் பூச்சியும் மேகம்போல் எழும். மனிதனுக்கு நரகம், குஞ்சுக்கு விருந்து. தரையில் சிறு பள்ளம், அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். பொரிந்த அன்றே குஞ்சு தானாக இரை தேடி ஓடும். ஊட்டிவிடும் வேலை தாய்க்கு இல்லை.

அங்கே இன்னொரு கணக்கும் ஓடுகிறது. லெமிங் என்ற எலி இனம் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பெருகும், பிறகு சரியும். எலி நிறைந்த ஆண்டில் பனிநரி எலியைத் தின்று திருப்தியாக இருக்கும். எலி சரிந்த ஆண்டில் அதன் பார்வை முட்டை, குஞ்சுகள் பக்கம் திரும்பும். இங்கே வரும் வளைமூக்கு உள்ளான் கூட்டத்தில் ஒரு வருடம் இளம்பறவைகள் நிறைய இருப்பதும் மறு வருடம் காணாமல் போவதும் இதனால்தான். சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்து எலிக்கும் நம் கரைக்கும் இப்படி ஓர் உறவு.

குஞ்சு வளர்ந்து முடிவதற்குள் பல இனங்களில் பெரியவை கிளம்பிவிடுகின்றன. பிறந்து சில வாரமே ஆன இளசுகள் பின்னால் தாமாகவே வருகின்றன. வழிகாட்டி இல்லை. சூரியனும் விண்மீனும் பூமியின் காந்தப்புலமும் துணை என்கிறது அறிவியல். 2022 அக்டோபரில், ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்ததை, அதன் உடலில் பொருத்திய கருவி பதிவு செய்தது. இந்த மூக்கன்களுக்குப் புறப்படும் முன் உடல் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பு சேரும். பாரம் குறைக்கக் குடலும் இரைப்பையும் சுருங்கிவிடும். நம் கரைக்கு வரும் செங்கழுத்துக் கொசு உள்ளானின் எடை சுமார் 30 கிராம். ஒரு வடை அதைவிடக் கனமாக இருக்கும்.

ஜெராமில் ஒரு மூக்கனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலகு முழுவதையும் சேற்றில் இறக்கி, தையல் இயந்திர ஊசிபோல் குத்திக் குத்தி நகர்ந்தது. திடீரென்று நின்றது. அலகு மேலே வந்தபோது நுனியில் புழு. சேற்றுக்குள் வாயைத் திறக்க முடியுமா? முடியும். அலகின் அடிப்பகுதி மூடியிருக்க, மேல் நுனியை மட்டும் வளைத்துத் திறக்கும் வசதி அதற்கு உண்டு. நுனியிலுள்ள நுண்ணிய குழிகளில் தொடுவுணர்வு ஏற்பிகள் நிரம்பியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இரையை அலகாலேயே கண்டுபிடிக்கிறது.

சிக்கல், கடல் ஏறும்போது வருகிறது. இந்தக் கரையில் பெருக்கு நாட்களில் நீர் நான்கு மீட்டருக்கு மேல் உயரும், சேறு மறைந்துபோகும். கண்டல் மரங்களில் சில இனங்கள் உட்காரும், பல உட்காராது. அவற்றுக்கு ஒதுங்கி நிற்க மரமற்ற வெட்டவெளி வேண்டும். கரையோரக் காடு செம்பனையாகவும் துறைமுகமாகவும் மாறிய பிறகு, பறவைகள் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? காப்பார் மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் குளம். புகைபோக்கிகளின் காலடியில் ஆயிரக்கணக்கான வடபுலப் பறவைகள். அவற்றில் நார்ட்மன் பச்சைக்காலியும் உண்டு. உலகிலேயே ஒன்றிரண்டாயிரம் மட்டும் மிஞ்சியிருக்கும் இனம். ரஷ்யாவின் ஒகோட்ஸ்க் கடலோரத்தில், கடற்கரைப் பறவைக்குச் சற்றும் பொருந்தாத விதமாக, லார்ச் மரத்தில் கூடு கட்டும். 1976க்குப் பிறகு 2019இல்தான் அதன் கூடு மறுபடி ஆய்வாளர் கண்ணில் பட்டது.

இவற்றைச் 'சைபீரிய விருந்தாளிகள்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எனக்கு உடன்பாடில்லை. தூந்திரத்தில் இவை இருப்பது இரண்டு மாதம். நம் சேற்றில் ஏழெட்டு மாதம். முதல் வருட இளசுகளில் பல வடக்கே போகாமல் ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கிவிடும். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணை அந்த ஊர்க்காரி என்றா சொல்வோம்? இவை காப்பார்ப் பறவைகள். முட்டையிடச் சைபீரியா போய்வருகின்றன.

போகிற வழியில் மஞ்சள் கடலோரச் சேற்றில் இறங்கிக் கொழுப்பேற்றிக்கொண்டுதான் மேலே செல்கின்றன. 2006இல் தென்கொரியா சேமாங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் மதில் கட்டி அடைத்தபோது, அங்கே கூடிய கிரேட் நாட் பறவைகளில் பல்லாயிரம் வேறெங்கும் போய்ச் சேரவில்லை. ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பிலும் எண்ணிக்கை சரிந்தது. அதே மஞ்சள் கடலோரத்தில் சீனத்தின் ஒரு பகுதி 2019இலும், தென்கொரியச் சேற்றுக்கரைகள் 2021இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. நம் சேற்றுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. இங்கே ஓர் ஏக்கர் சேற்றை மண் கொட்டி மேடாக்கினால் சைபீரியாவில் சில கூடுகள் குறையும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

பார்க்க விரும்பினால் கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போங்கள். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக ஜெராமில் இருந்தால், ஏறும் நீர் பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். வற்றிய நேரத்தில் போனால் தூரத்துப் புள்ளிகள்தான் தெரியும். கிட்டே ஓடிக் கலைக்காதீர்கள். பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகும். ஏப்ரல் முதல் வாரம் நல்ல நேரம். சாம்பல் நிறத்தில் நின்ற வளைமூக்கு உள்ளான்கள் அப்போது செங்கல் சிவப்புக்கு மாறியிருக்கும். மாதக் கடைசிக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.