நீலப் பொடியும் தோல் நோயும்

சொரியாசிஸ் என்ற தோல் நோயைப் பார்த்திருப்பீர்கள். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடிக்கும். மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். காளாஞ்சகப்படை என்றும் இதைச் சொல்வார்கள். இது தொழுநோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆனாலும் இந்த நோய் வந்தவர்களைப் பலர் ஒதுக்குகிறார்கள். அந்த வேதனையில், யார் எந்த மருந்து சொன்னாலும் அவர்கள் வாங்கிப் பார்க்கிறார்கள்.

இந்த நோய் ஏன் வருகிறது? நம் உடலுக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. உள்ளே நுழையும் கிருமிகளை அது எதிர்க்கும். சிலருக்கு அந்தப் படை ஆள் தெரியாமல் சொந்தத் தோலையே தாக்குகிறது. புதுத் தோல் வளர்ந்து மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இவர்களுக்கோ சில நாட்களிலேயே வந்துவிடும். அதுதான் செதிலாகக் குவிகிறது. மருந்தால் நோயை அடக்கி வைக்கலாம். அடியோடு நீக்கும் மருந்து இன்னும் எந்த வைத்தியத்திலும் இல்லை.

சீன வைத்தியத்தில் இதற்கு ஒரு நீலப் பொடி உண்டு. அதன் பெயர் 'சிங் தாய்'. சில செடிகளின் இலைகளைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். பிறகு சுண்ணாம்பு சேர்த்து நன்றாகக் கலக்குவார்கள். நீல நுரை பொங்கி வரும். அதை எடுத்து உலர்த்தினால் பொடி கிடைக்கும். நம் நாட்டில் அவுரிச் செடியிலிருந்து துணிக்கு எடுத்த நீலமும் இதே சாயம்தான்.

சாயப் பொடி நோயைத் தணிக்குமா? தைவானில் மருத்துவர்கள் சோதித்தார்கள். 42 நோயாளிகளுக்கு உடலின் ஒரு பக்கத்தில் பொடி கலந்த களிம்பு பூசினார்கள். மறு பக்கத்தில் பொடி இல்லாத களிம்பு. 12 வாரங்கள் பார்த்தார்கள். பொடி பூசிய பக்கத்தில் 31 பேருக்குப் படை முழுவதும் அல்லது பெரும்பாலும் மறைந்தது. 2008-இல் இந்த முடிவு வெளியானது. ஒரு தொல்லை என்னவென்றால், தோலும் உடுத்திய துணியும் நீலமாகிவிடும்!

அப்படியானால் அவுரி இலையை அரைத்துப் பூசலாமா? வேண்டாம். அவர்கள் சோதித்தது பச்சை இலையை அல்ல. பக்குவப்படுத்தி, அளவோடு சேர்த்த பொடியை.

அந்தப் பொடியை விழுங்கலாமா? கூடவே கூடாது. ஜப்பானில் குடல் புண்ணுக்காகச் சிலர் இதை விழுங்கினார்கள். அவர்களில் சிலருக்கு, இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறியது. இது உயிருக்கே ஆபத்தானது. 2016-இல் ஜப்பான் அரசு எச்சரிக்கை விடுத்தது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்கிறோம். எருக்கம்பாலும் செடியில் வருவதுதான்.

இன்னொரு மோசமும் நடக்கிறது. இங்கிலாந்தில் சீன மூலிகைக் களிம்பு என்று கொடுத்த 11 களிம்புகளைச் சோதித்தார்கள். 1999-இல் முடிவு வெளிவந்தது. 8 களிம்புகளில் ஸ்டீராய்டு என்ற ஆங்கில மருந்து கலந்திருந்தது. அது படையைச் சட்டென்று அடக்கும். அளவு தெரியாமல் பல நாள் பூசினால் தோல் மெலிந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் படை முன்பைவிட அதிகமாகக் கிளம்பலாம்.

உங்கள் வீட்டில் பெயர் அச்சிடாத களிம்பு டப்பா இருக்கிறதா? பூசிய சில நாட்களிலேயே படை மறைந்ததா? அந்த டப்பாவோடு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார்.