அறுபது கிலோ பம்பர், எண்பத்து மூன்று கிலோ பாரம்

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ், வாகனங்களில் அனுமதியின்றிப் பூட்டிய உறுப்புகளைக் கழற்றும் வேலையைப் பொலிஸார் தொடங்கினார்கள். பேச்செல்லாம் பஸ்களையும் முச்சக்கரவண்டிகளையும் பற்றியே இருந்தது. டபள் கெப்பில் ஏறும் கனத்த இரும்புப் பம்பரும் அதே அளவு கவனிக்கப்பட வேண்டியது. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழைய கெப்பைத்தான் செப்பனிட்டு ஓட்ட வேண்டியிருந்தது. அதன் முதுகில் படுக்கையும் தண்ணீர்த் தாங்கியும் அடுப்பும் கொண்ட கூண்டை ஏற்றி நுவரெலியாவுக்கு வர நினைப்பவரிடம், விற்பவர் தகட்டின் தடிப்பைச் சொல்லுவார். வாங்குபவர் கேட்க வேண்டியது வேறு: அது எத்தனை கிலோ, அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது?

கொழுந்து பறிப்பவரின் கூடை தலையில் மாட்டிய கயிற்றில் முதுகோடு தொங்குகிறது. இலை நிறைய நிறைய அவர் முன்னே சாய்கிறார். பாரம் பாதத்துக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. கயிறு தளர்ந்து கூடை ஒரு சாண் பின்னே தள்ளிப்போனால், அதே இலைக்கு இன்னும் குனிய வேண்டும். குனிய முடியாத முதுகாக இருந்தால் குதிகாலில் பாரம் அழுந்தும், பெருவிரல் மண்ணை விட்டு எழும்பும். கெப்பின் முதுகு குனியாது. பின் அச்சு அதன் குதிகால், முன் அச்சு பெருவிரல். ஹைலக்ஸ் டபள் கெப்பில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 3.085 மீற்றர். பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் 60 கிலோ பம்பரைப் பூட்டினால், முன் அச்சிலிருந்து 23 கிலோ உயர்ந்து பின்னுக்குப் போகிறது. 60 கிலோவுக்குக் காசு கொடுத்தவர், கூண்டைச் சுமந்து ஏற்கெனவே திணறும் பின் அச்சில் 83 கிலோவை ஏற்றியிருக்கிறார். ஸ்பெயார் சில்லையும் எண்ணெய்க் கலனையும் அதே பம்பரில் தொங்கவிட்டால் கணக்கு இன்னும் ஏறும். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில், 90 சென்ரிமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு மையம் கொண்ட மூன்று தொன் வண்டியில், முன்னிருந்து மேலும் 87 கிலோ பின்னே சாயும். ஹட்டன் வீதியின் ஈர வளைவில் வண்டியைத் திருப்புவது முன் டயரின் பிடி. அந்தப் பிடி அதன் மேல் நிற்கும் பாரத்தால் வருவது.

முன்னாலும் ஒரு கனத்த பம்பர் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். முன் அச்சுக்கு 90 சென்ரிமீற்றர் முன்னே 50 கிலோ வைத்தால் முன் அச்சில் 65 கிலோ கூடும், பின்னால் 15 குறையும். இழந்தது திரும்புகிறது, உண்மைதான். ஆனால் மொத்தம் 110 கிலோ கூடிவிட்டது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயர இறக்கத்திலும் ஏறக்குறைய 10.8 இலட்சம் ஜூல் சக்தியைப் பிரேக்கோ எஞ்சினோ கூடுதலாக விழுங்க வேண்டும். இரு நுனிகளில் உட்கார்ந்த எடை திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்போ தூரத்தின் வர்க்கத்தில் பெருகும். ரம்பொடை வளைவுகளில் அது தெரியும். ஸ்பிரிங் பட்டையைக் கூட்டுவதும் பதிலாகாது: வண்டியின் வால் நிமிரும், அச்சின் பாரம் குறையாது.

மலையில் பன்றியும் மரையும் குறுக்கே வரும், இரும்புதானே காக்கும் என்பது பெரிய ஆட்சேபணை. 1951இல் பொறியியலாளர் பேலா பரேனி காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1959இல் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியில் வந்த நசுங்கும் முன்பகுதியே இதற்குப் பதில். மணிக்கு 50 கிலோமீற்றரில் மோதும் வண்டி 60 சென்ரிமீற்றர் நசுங்கி நின்றால் உள்ளிருப்பவர் தாங்குவது ஈர்ப்பைப் போல் சராசரி 16 மடங்கு. 30 சென்ரிமீற்றரில் நின்றால் ஏறக்குறைய 33 மடங்கு. வளையாத இரும்பு அந்தத் தூரத்தைத் திருடலாம், காற்றுப்பை விரியும் கணத்தையும் குழப்பலாம். நடந்து போகிறவருக்கு நேர்வது அதைவிட மோசம். இந்தியாவின் நடுவண் போக்குவரத்து அமைச்சு 2017 டிசம்பரில் இத்தகைய முன்காப்புக் கம்பிகளுக்கு எதிராக மாநிலங்களை நடவடிக்கை எடுக்கச் சொன்னதும் இதனால்தான். மரைக்கு அஞ்சுகிறவர் இரவில் வேகத்தைக் குறைக்கட்டும். வேகம் பாதியானால் மோதலின் சக்தி கால்வாசி.

ஆகவே முன்னால் கம்பனிப் பம்பரையே மாற்றிப் போடலாம். வேறு வேண்டுமென்றால் அந்த மொடலின் காற்றுப்பையோடு சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பின்னால் உடலோடு ஒட்டிய, மூலைகள் மேல்நோக்கிச் சரித்த, இலேசான படிப்பம்பர் நல்லது. தோட்டத்துப் பாதையின் செங்குத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும்போது தரையில் முட்டுவது அந்த மூலைதான். அலுமினியத்தின் அடர்த்தி இரும்பின் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அவ்வளவே, அதனால் தடிப்பாகச் செய்ய வேண்டியிருக்கும், எடை மிச்சம் விளம்பரம் சொல்வதைவிடக் குறைவு. பூட்டுவதற்கு முன்னும் பின்னும், தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாக லொறித் தராசில் நிறுத்தி, கதவோரத் தகட்டிலோ கைநூலிலோ உள்ள அச்சு எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லை தாண்டியிருந்தால் இறக்க வேண்டியது முதலில் பம்பரில் தொங்கும் ஸ்பெயார் சில்லு.