அறளை பெயர்தல்: முதுமையா, நோயா?

யாழ்ப்பாணத்திலே முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வாராயின், ‘அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது’ என்று கூறி அப்பால் நகர்ந்துவிடுவது வழக்கம். அச்சொல்லிலே சிறிது ஏளனமும் சிறிது இரக்கமும் கலந்திருக்கும். ஆயினும் அதனைச் சொல்லியவுடன் விசாரணை முடிந்துவிடுகிறதே, அதுதான் அதிலுள்ள பெருங்குறை. காய்ச்சல் என்றால் வைத்தியரை நாடுகிறோம். அறளை என்றால் எவரும் எங்கும் செல்வதில்லை. வயது போனால் அப்படித்தான் என்று இருந்துவிடுகிறோம். கேரளத்திலும் இந்நிலையைச் ‘சின்னன்’ என்று சொல்லும் வழக்கு உண்டு. முதியவர் குழந்தையாகிவிட்டார் என்பது கருத்து. சொல் வேறாயினும் எண்ணம் ஒன்றே. அவ்வெண்ணம் சரியானதா என்பதை இன்று ஆராய்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பாடசாலை மாணவி ஒருத்தி நாள்தோறும் காலந்தாழ்த்தி வந்தாள். வந்தபின் வகுப்பிலே உறங்கினாள். நான் அவளைக் கடிந்துகொண்டேன். பின்னரே உண்மை தெரிந்தது. அவளுடைய பாட்டி, 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். அண்மைக் காலமாக அவர் பொழுது சாயும் வேளையில் இரண்டு சேலைகளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, ‘வீட்டுக்குப் போகவேணும்’ என்று படலையடியில் நிற்கத் தொடங்கினார். இரவிலும் எழுந்து நடந்தார். தாய் வேலைக்குப் போகவேண்டியிருந்தமையால் காவல் இருந்தவள் அந்தச் சிறுமியே. வீட்டார் எவரும் அதனை நோயென்று எண்ணவில்லை. பாடசாலை அதிபராகிய நானும் எண்ணவில்லை.

முதுமையில் சிறு மறதி இயல்பே. மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது முதுமை. அது எதற்கு உரியது என்பதையே மறப்பது நோய். ஒருவர் பெயர் நாவில் வராமல் தடுமாறிப் பின்னர் நினைவுக்கு வருமாயின் அஞ்சவேண்டியதில்லை. பழகிய ஒழுங்கையில் வழி தவறுதல், சமைத்துப் பழகிய கறியை ஆக்கும் முறை தெரியாமல் திகைத்தல், காசு எண்ணத் தடுமாறுதல், குணம் மாறிச் சந்தேகமும் சினமும் மிகுதல் ஆகியன கவனிக்கவேண்டிய குறிகள்.

1906ஆம் ஆண்டு ஜெர்மனியில் அலோயிஸ் அல்செய்மர் என்னும் வைத்தியர், மறதியாலும் குழப்பத்தாலும் வருந்தி இறந்த பெண்ணொருவரின் மூளையை ஆராய்ந்து, அதிலே கண்ட மாற்றங்களை வைத்தியர் சபையொன்றில் எடுத்துரைத்தார். நரம்புக் கலங்களுக்கு இடையே ஒருவகைப் புரதம் படிந்திருந்தது. கலங்களின் உள்ளே இழைகள் முறுக்குண்டு கிடந்தன. இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவதும் அதுவே. புதிய செய்திகளைப் பதித்து வைக்கும் மூளைப்பகுதியை அது முதலில் தாக்குகின்றது. ஆதலால் காலையில் உண்டது மறந்துபோக, இளமையில் வாழ்ந்த வீடு கண்முன் நிற்கின்றது. அந்தப் பாட்டி தேடிய வீடு பொய்யன்று. அவர் நினைவிலே எஞ்சியிருந்தது அதுவே.

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றால் மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதனாலும் மறதிநோய் உண்டாகும். தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியனவும் மறதிநோய் போலத் தோன்றுவதுண்டு. இவற்றைக் கண்டறிந்து மருத்துவம் செய்தால் பெரிதும் நலம் பெறலாம். ஓரிரு நாட்களுள் திடீரெனக் குழப்பம் ஏற்படின், அது கிருமித்தொற்றினால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அறளை என்று சொல்லி வீட்டிலே இருத்திவிடும்போது, குணப்படுத்தக்கூடியவரையும் நாம் இழந்துவிடுகிறோம்.

நம் நாட்டில் இந்நோய் அரிதென்று கருதுவோர் உளர். றாகமவிலே 65 வயதும் அதற்கு மேலும் ஆன 703 பேரிடையே நிகழ்ந்து, 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் 28 பேருக்கு மறதிநோய் காணப்பட்டது. அஃதாவது நூற்றுக்கு ஏறக்குறைய நால்வர். தமிழ்நாட்டிலே சென்னைக்கு அணித்தான திருப்போரூர்க் கிராமப்புறத்தில் நிகழ்ந்து, 1997ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு 3.5 பேர் என்று கண்டது. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 60 வயது கடந்தோர் மக்கட்டொகையில் 12.4 வீதத்தினர். பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முதியோர் மட்டும் எஞ்சியிருக்கும் வீடுகள் பல உள்ள நம் குடாநாட்டிற்கு இக்கணக்கின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

இத்துறையில் கல்வி இருவகையால் பயன்படுகின்றது. முதலாவது, இளமைக் கல்வி. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்றில் 678 கன்னியாஸ்திரிகள் பங்குகொண்டனர். அவர்களுட் சிலர் இளமையில் எழுதிய தன்வரலாறுகள் மடங்களிலே பேணப்பட்டிருந்தன. கருத்துச் செறிவோடு எழுதியவர்களிடையே முதுமையில் அல்செய்மர் நோய் குறைவாகவும், வறிதாய் எழுதியவர்களிடையே மிகுதியாகவும் காணப்பட்டது. இதனால் எழுத்தே மருந்து என்று கொள்ளலாகாது. எனினும், மறதிநோயை ஆராயும் லான்செட் அறிஞர் குழு 2024ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய, மாற்றத்தக்க 14 காரணங்களுள் இளமையிற் கல்விக் குறைவும் ஒன்று. செவிப்புலன் குறைதல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், தனிமை முதலியனவும் அவற்றுட் சேரும். அனைத்தையும் நீக்க இயலுமாயின், நோயின் 45 வீதம் வரை தடுக்கவோ தாமதிக்கவோ படலாம் என்பது அவர்தம் மதிப்பீடு. பிள்ளையை இடைநடுவிலே பாடசாலையிலிருந்து நிறுத்தும் பெற்றோர், அப்பிள்ளையின் முதுமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பராமரிப்போர் பெறவேண்டிய கல்வி. அல்செய்மர் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. சில மருந்துகள் குறிகளைச் சிறிது காலம் தணிக்கும். ஆதலால் பராமரிப்பே பெரும்பகுதி. கோவாவிலே நிகழ்ந்து 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற ஊரவர்கள் நோயாளரின் வீடுகளுக்கு ஆறு மாத காலம் முறையாகச் சென்று, நோயை விளக்கி வழிகாட்டினர். பராமரித்தோரின் மனவருத்தம் குறைந்தது. அதற்குப் பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியிருக்கவில்லை; அறிந்த ஒருவர் படலையைத் திறந்து உள்ளே வருவதே போதுமானதாயிற்று.

அவ்வாறு கற்பிக்கத்தக்கவை எளியவையே. நோயாளரோடு வாதாடலாகாது. முன்னால் நின்று, ஒரு வேளையில் ஒரு செய்தியை மட்டும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். உண்ணலும் குளித்தலும் ஒரே ஒழுங்கில் நடைபெறவேண்டும். கிணற்றுக்குக் கட்டும் மூடியும், அடுப்படிக்குக் கதவும், இரவில் ஒரு சிறு வெளிச்சமும் இருத்தல் நன்று. அவர் இன்னும் செய்யக்கூடிய வேலையை அவரிடமிருந்து பறிக்கலாகாது. கீரை ஆய்வதும் பூக் கட்டுவதும் கைகளுக்கு நெடுங்காலம் மறப்பதில்லை. எல்லாவற்றிலும் மேலாக, பராமரிப்பவர் ஒருவரே என்றிராமல் உறவினர் முறைவைத்து அவருக்கு ஓய்வு கொடுக்கவேண்டும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கலாகாது என்று விதிக்கின்றது. கொழும்பிலே 2001ஆம் ஆண்டு லங்கா அல்செய்மர் நிறுவனம் தோன்றியது. நம் பகுதியில் கைதடியில் முதியோர் இல்லமும், சாவகச்சேரியில் ஆதார வைத்தியசாலையும் உள்ளன. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் படலையடியில் நிற்கும் முதியவருக்கு அருகே சட்டமும் நிறுவனமும் நிற்பதில்லை. வீட்டிலுள்ள ஒருவரே நிற்கிறார். அவருக்கு அறிவு சென்று சேரவேண்டும். அதற்குப் பாடசாலையைவிட அண்மையான வாயில் எது?

அம்மாணவியிடம் நான் பின்னர், ‘பாட்டியை எவ்வாறு சமாளித்தாய்?’ என்று கேட்டேன். ‘இது எங்கள் வீடல்ல என்றால் நான் மறுத்துப் பேசுவதில்லை, சேர். பொட்டலத்தை நான் வாங்கிக்கொண்டு ஒழுங்கை முடிவுவரை கூட நடப்பேன். அந்த வீட்டு மாமரத்தைப் பற்றிக் கேட்பேன். கதைத்துக்கொண்டே திரும்பி வந்துவிடுவோம்’ என்றாள். எவரும் கற்பிக்காமல் அவள் கண்ட வழியையே வைத்தியர்களும் விதந்துரைக்கின்றனர். ஆனால் அவள் அதனைக் கண்டடைவதற்குமுன் இழந்த உறக்கமும், என்னிடம் பெற்ற கடிதலும் வீணாயின. இனி நம் வீட்டிலோ அயலிலோ ‘அறளை’ என்னும் சொல் எழுமாயின், அதனோடு நின்றுவிடாது இரண்டு கேள்விகளைக் கேட்போமாக: வைத்தியரிடம் காட்டினீர்களா? இரவில் உடன் விழித்திருப்பவர் யார்?