நெல்லின் சர்க்கரைக் கதவுகள்

ஒரகடத்தில் கார் ஆலை மதில் முடிகிற இடத்தில் ஏரிப்பாசன நெல் தொடங்கிவிடும். சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டம் கண்ட மண் இது. மழையும் காற்றும் சேர்ந்தடிக்கும் சம்பாவில் இலைக்கருகல் வந்தால், இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சளோடி வைக்கோலாகிவிடும். யூரியா கூடிப்போனால் இன்னும் மோசம். காரணம் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா. தனக்கான தீனியை அது நெல்லையே பரிமாற வைக்கிறது.

இலை தயாரிக்கும் சர்க்கரை கதிருக்குப் போகும் வழியில் செல் சவ்வுகளைத் தாண்டியாக வேண்டும். கொழுப்பாலான சவ்வு சர்க்கரையை விடாது. அதில் பதிந்த புரதங்கள்தான் கதவு. 'ஸ்வீட்' என்ற புரதக் குடும்பத்துக்கு நெல்லில் 21 மரபணுக்கள். ஒவ்வொரு புரதமும் சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்திருக்கும், நடுவே ஒரு குழி. உருவமும் அளவும் ஒத்துப்போகிற சர்க்கரை மட்டுமே குழியின் அமினோ அமிலங்களோடு ஹைட்ரஜன் பிணைப்பில் ஒட்டும். பிறகு புரதம் ஒருபுறம் மூடி மறுபுறம் திறக்கும். சர்க்கரை மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நகர்வதால் ஆற்றல் செலவு கிடையாது. எதிர்த்திசையில் ஏற்ற வேண்டுமானால் வேறு குடும்பம் உண்டு. அது புரோட்டானின் விசையில் சர்க்கரையை இழுக்கும்.

ஸ்வீட் குடும்பத்தை 2010இல் அடையாளம் காட்டியது, அமெரிக்காவில் வுல்ஃப் ஃப்ரோமர் தலைமையிலான குழு. திருட்டும் அப்போதுதான் துலங்கியது. பாக்டீரியா ஒரு புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தும். அது ஸ்வீட்-11 மரபணுவின் முன்பகுதியில், அதாவது அதை இயக்கும் விசையில், போய் உட்காரும். கதவுகள் பெருகும், சர்க்கரை செல்லுக்கு வெளியே கசியும்.

அந்த மரபணுவையே அழித்துவிடலாமே என்று தோன்றும். அழித்தால் மகரந்தம் கெடும், மணி பிடிப்பதும் பாதிக்கும். 'எக்ஸ்ஏ-13' என்ற இயற்கையான மாற்று வடிவத்தில் அந்த விசைப்பகுதி மட்டும் மாறியிருக்கிறது. பாக்டீரியாவின் புரதத்துக்கு உட்கார இடமில்லை, கதவோ பழுதில்லை. எந்த மருந்துக்கடையிலும் இவ்வளவு நுட்பமான சரக்கு கிடையாது.

ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் இதனோடு எக்ஸ்ஏ-5, எக்ஸ்ஏ-21 என்ற வேறு இரு எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்தன. நம் மளிகைக்கடைகளில் பிபிடி என்று விற்கும் சம்பா மசூரியில், மரபணு அடையாளம் பார்த்துக் கலப்புச் செய்து 2008இல் மேம்பட்ட ரகத்தை வெளியிட்டன. மூன்றாகச் சேர்த்தது வீண் முன்னெச்சரிக்கை அல்ல. சில பாக்டீரியா வகைகள் 11ஐ விட்டு ஸ்வீட்-13, 14 விசைகளைப் பிடிக்கின்றன. 2019இல் ஐஆர்-64 உள்ளிட்ட ரகங்களில் மூன்று விசைகளையும் மரபணுத் திருத்தத்தால் ஆய்வாளர்கள் மாற்றிக் காட்டினார்கள்.