பிரீமியம் கட்டும் அரசும், பாலிசி வாங்கத் தயங்கும் மக்களும்

ஹைதராபாத்: இந்தியாவில் காப்பீடு விற்க விரும்பும் எந்த நிறுவனமும் அனுமதி கேட்டு வந்து நிற்க வேண்டிய ஊர் ஹைதராபாத். காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் தலைமையகம் 2001-இல் தில்லியிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. அன்றைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் கட்சிதான் அப்போது மத்தியில் வாஜ்பாய் அரசைத் தாங்கி நின்றது என்பதை நினைவில் கொண்டால், இடமாற்றத்தின் அரசியல் புரியும். பஷீர்பாக்கில் இயங்கிய அலுவலகம் இப்போது நானக்ராம்குடாவில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது.

இந்தக் கால் நூற்றாண்டில் காப்பீட்டுத் துறையின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துவிடப்பட்டன. 26 சதவீதமாக இருந்த அன்னிய முதலீட்டு வரம்பு 2015-இல் 49 ஆகவும், 2021-இல் 74 ஆகவும் உயர்ந்தது. 2025 டிசம்பரில் 100 சதவீதத்துக்கும் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்துவிட்டது. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் பிரீமியத் தொகையின் பங்கு 2001-இல் 2.71 சதவீதம், 2009-10-இல் 5.2 சதவீதம், 2023-24-இல் 3.7 சதவீதம். உலகச் சராசரி ஏறத்தாழ 7 சதவீதம். விற்பவர்கள் பெருகினார்கள், வாங்குவோர் ஏறி, பிறகு இறங்கினார்கள்.

மக்களிடம் பணமில்லை, விழிப்புணர்வு இல்லை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதி உண்மைதான். அதே மக்கள் சீட்டுக் கட்டுகிறார்கள், நகை வாங்குகிறார்கள். நகையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். சீட்டு நடத்துபவரின் வீடு தெரியும். காப்பீடோ, இன்று பணம் கொடுத்து, என்றோ ஒருநாள் கிடைக்கும் என்ற வாக்குறுதியை வாங்குவது. அந்த வாக்கைக் காப்பாற்ற வைப்பது யார்? நீதிமன்றமா, ஒழுங்குமுறை ஆணையமா, அரசின் பதிவேடா? இவை செயல்படும் நாடுகளில் காப்பீடு அதிகம் வாங்கப்படுகிறது என்பது, பல நாடுகளை ஒப்பிட்ட பொருளியல் ஆய்வுகள் சுட்டும் போக்கு.

நமது அனுபவமும் அதுவே. காப்பீட்டு நிறுவனங்களின் பணம் முதலாளிகளின் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பிவிடப்பட்டதை டால்மியா விவகாரத்தின்போது பெரோஸ் காந்தி மக்களவையில் அம்பலப்படுத்தினார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. எல்ஐசி சட்டத்தின் 37-ஆவது பிரிவு, பாலிசித் தொகைக்கு மத்திய அரசின் உத்தரவாதத்தை அளிக்கிறது. தனியார் வந்து 25 ஆண்டுகள் ஆன பிறகும் புதிய ஆயுள் பிரீமியத்தில் பாதிக்கு மேல் எல்ஐசியிடமே செல்கிறது என்றால், மக்கள் வாங்குவது பாலிசியை மட்டுமல்ல, அந்த உத்தரவாதத்தையும் சேர்த்துத்தான்.

யூலிப் தந்த அடி: உத்தரவாதம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. பங்குச் சந்தையுடன் இணைந்த யூலிப் பாலிசிகள் முகவர்களின் வாய்ச்சொல்லில் கொடிகட்டிப் பறந்தன. முதல் ஆண்டுத் தொகையில் பெரும்பங்கு கட்டணமாகவும் கமிஷனாகவும் கரைந்ததை, பணத்தைத் திரும்பக் கேட்டபோதுதான் பலர் அறிந்தார்கள். 2010 ஏப்ரலில் பங்குச் சந்தை வாரியமான செபி குறுக்கிட்டு 14 நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. ஹைதராபாத் ஆணையம் அதை எதிர்த்தது. யாருக்கு அதிகாரம் என்ற சண்டையை மத்திய அரசு ஜூன் மாதம் அவசரச் சட்டத்தால் தீர்த்து வைத்தது. செப்டம்பர் முதல் விதிகள் கடுமையாயின. காப்பீட்டின் பரவல் உச்சத்திலிருந்து சரியத் தொடங்கியதும் அதையொட்டித்தான். சண்டைக்கு முன்பே விதிகளைக் கடுமையாக்கியிருக்கலாமே என்ற கேள்விக்கு ஆணையத்திடம் நல்ல பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

விவசாயி வீட்டுக்கு ரூ.5 லட்சம்: தெலங்கானா அரசு 2018 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய 'ரைத்து பீமா' வேறொரு கதை. 18 முதல் 59 வயது வரையுள்ள விவசாயி எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு ரூ.5 லட்சம். பிரீமியம் முழுவதையும் எல்ஐசிக்கு அரசே செலுத்துகிறது. ஒரு குண்டா நிலம், அதாவது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு, பெயரில் இருந்தால் போதும். கிராமத்து வேளாண் அலுவலரே ஆவணங்களைத் திரட்டி அனுப்ப, 10 நாள்களுக்குள் வாரிசின் வங்கிக் கணக்கில் பணம் சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

இது எப்படிச் சாத்தியமானது? அதற்கு முந்தைய ஆண்டு மாநிலம் முழுவதும் நில ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டன. நிலம் யாருடையது என்று அரசுக்குத் தெரிந்த பிறகே, யார் இறந்தால் யாருக்குப் பணம் என்று சொல்ல முடிந்தது. அதே பதிவேடுதான் குத்தகை விவசாயியை வெளியே நிறுத்தியது. கடன் சுமையும் தற்கொலையும் அதிகம் பேசப்படும் மாநிலத்தில், அடுத்தவர் நிலத்தில் உழுது நஷ்டப்பட்டவரின் குடும்பத்துக்கு இத்திட்டத்தில் இடமில்லை.

பயிர்க் காப்பீட்டிலோ சறுக்கலே மிஞ்சியது. 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி காரிஃப் பயிருக்கு 2 சதவீதம், ராபி பயிருக்கு 1.5 சதவீதம் கட்டினால், மீதியை மத்திய, மாநில அரசுகள் பகிர வேண்டும். மாநிலத்தின் பங்கு வராதவரை நிறுவனங்கள் இழப்பீட்டை இழுத்தடித்தன. விவசாயி தன் பங்கைக் கட்டிவிட்டார், அரசு கட்டவில்லை, தண்டனை விவசாயிக்கு. 2020-இல் தெலங்கானாவும் ஆந்திரமும் திட்டத்தைவிட்டே வெளியேறின. ஆந்திரம் 2022-இல் திரும்பியது.

ஆரோக்கியஸ்ரீயின் நிலுவை: ஏழைகளுக்குத் தனியார் மருத்துவமனையில் இலவச அறுவைச் சிகிச்சை என்ற ராஜசேகர ரெட்டியின் ஆரோக்கியஸ்ரீ 2007 ஏப்ரலில் மகபூப்நகர், அனந்தபூர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் தொடங்கியது. 2009-இல் அவர் மீண்டும் வென்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர். தமிழகத்தின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் அதே ஆண்டு ஜூலையில் வந்தது. தனியார் காப்பீட்டு நிறுவனத்துடன் பிறந்த ஆரோக்கியஸ்ரீ, பின்னர் அரசு அறக்கட்டளையின் கைக்கு மாறியது. தெலங்கானாவில் 2023 டிசம்பரில் வரம்பு ரூ.10 லட்சமாக உயர்த்தப்பட்டது. 2025 செப்டம்பரில், நிலுவைத் தொகை கேட்டு தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்தின.

தனியார் நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால் பாலிசிதாரர் இதே ஹைதராபாதில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆரோக்கியஸ்ரீ பயனாளிக்கு அந்தக் கதவு இல்லை. அறக்கட்டளை காப்பீட்டு நிறுவனம் அல்ல என்பதால் நானக்ராம்குடா ஆணையத்தின் அதிகாரமும் அதன்மீது செல்லாது. 2047-க்குள் அனைவருக்கும் காப்பீடு என்பது ஆணையத்தின் இலக்கு. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது. மாநில அரசு வைக்கும் நிலுவையை யாரிடம் முறையிடுவது என்பதற்கு மட்டும் இன்னும் விதி எழுதப்படவில்லை.