டொக்சிசைக்கிளின்: வயற்கரை வினாக்களும் அவற்றின் சமூக அடிப்படையும்

எலிக்காய்ச்சலைத் தடுக்கும்பொருட்டு, நோய் அபாயமுள்ள பிரதேசங்களின் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்கொல்லி மருந்தைச் சுகாதாரப் பகுதியினர் வேளாண்மைக் காலங்களில் வழங்கிவருகின்றனர். இம்மருந்து குறித்து உழைப்போர் எழுப்பும் வினாக்களை அறியாமையின் வெளிப்பாடாகக் கொள்வது படித்தோரிடையே காணப்படும் ஒரு மனப்பாங்கு. அவை உழைப்பின் நிலைமைகளிலிருந்து பிறக்கும் நியாயமான வினாக்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் நோயினை நோக்குவோம். லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியா எலி, மாடு, எருமை முதலியவற்றின் சிறுநீருடன் நீரிற் கலந்து, காற்புண்கள் வழியாகவும் ஈரத்தில் ஊறிய தோலின் வழியாகவும் மனித உடலினுட் புகுகின்றது. ஊற்றுநீராற் பெயர்பெற்ற தண்ணீரூற்றிலும் அதனையடுத்த முள்ளியவளை, குமுளமுனைப் பகுதிகளிலும் நெல்வயலே பலரின் வாழ்வாதாரம். வரம்பில் நின்று கணக்குப் பார்ப்பவரைவிடச் சேற்றில் இறங்கி நிற்பவரையே இந்நோய் பெரிதும் பற்றுகின்றது. ஆகவே இது ஒரு தொழில்சார் நோய் எனலாம். 2008 இல் இலங்கையில் 7000 இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இது உயிர்களைப் பலிகொண்டது.

“நோயில்லாதவன் மருந்தெடுப்பது ஏன்?” என்பது முதல் வினா. டொக்சிசைக்கிளின் பற்றீரியாவின் புரத உற்பத்தியைத் தடுத்து அதன் பெருக்கத்தை நிறுத்துகின்றது. உடலிற் புகுந்த கிருமி பெருகுமுன்னரே அதனை மறிப்பதே இங்கு நோக்கம். 1984 இல் வெளியான ஓர் ஆய்வில், பனாமாக் காடுகளிற் பயிற்சிபெற்ற 940 அமெரிக்கப் படையினர் இரு பிரிவாக்கப்பட்டனர். வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் மருந்தெடுத்தோரில் ஒருவரும், எடுக்காதோரில் 20 பேரும் நோயுற்றனர். உழவரின் நோய்க்குரிய இவ்விடை படைவீரரின் தேவையையொட்டித் தேடப்பட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எனினும் இப்பாதுகாப்பு முழுமையானதன்று. மருந்தெடுத்தவராயினும் காய்ச்சல், கடுந்தசைநோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வயலில் வேலைசெய்ததை வைத்தியருக்குச் சொல்லவும் வேண்டும்.

“வயிற்றையும் நெஞ்சையும் எரிக்கிறதே?” என்பது அடுத்த வினா. கப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டாற் புண் உண்டாகும். உணவின் பின், ஒரு குவளை நிறைய நீருடன், நிமிர்ந்திருந்து விழுங்கவேண்டும். அடுத்த அரைமணி நேரமாவது படுக்கலாகாது. இம்மருந்து சிலரது தோலை வெயிலுக்கு எளிதிற் கன்றச் செய்வதுமுண்டு. வெயிலில் நிற்பதே தொழிலாயுள்ளவருக்கு இது சிறு செய்தியன்று. தலையையும் கைகளையும் மூடிக்கொள்ளுதல் நன்று. இரும்புச்சத்துக் குளிசையும் வயிற்றெரிவுக்கான மருந்துகளும் டொக்சிசைக்கிளின் உடலிற் சேர்வதைக் குறைப்பனவாதலால், இரண்டு மூன்று மணி நேர இடைவெளி தேவை. கருவுற்ற பெண்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட சிறுவருக்கும் இது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. வளரும் பற்களிலும் எலும்பிலும் இவ்வகை மருந்து படியலாம். நாற்று நடும் பெண்களிடம் இதனை முற்கூட்டியே கேட்டறிதல் மருந்து வழங்குவோரின் கடமையாகும்.

“மிஞ்சியதை வைத்திருந்து வேறு காய்ச்சலுக்கு எடுக்கலாமா?” என்பது மூன்றாவது. கூடாது. தடிமனும் டெங்குவும் வைரசினால் வருவன. அவற்றின்மீது நுண்ணுயிர்கொல்லி செயற்படாது. தேவையற்ற பாவனை மருந்துக்கு அடங்காத பற்றீரியாவைப் பெருக்குகின்றது. ஆயினும் குளிசையைச் சேமித்து வைப்பவரைக் கடிந்துகொள்வதால் மட்டும் இது தீராது. வைத்தியசாலைக்குச் செல்லும் நாள், நாட்கூலிக்காரருக்குக் கூலியிழந்த நாளுமாகும். வைத்தியரின் துண்டின்றி மருந்து விற்கும் வணிகத்துக்கும் இதிற் பங்குண்டு.

நான்காவது வினா மிக ஆழமானது: “பெட்டியிற் பெயர் வேறாயிருக்கிறது, இதுவும் அதே மருந்தா?” டொக்சிசைக்கிளின் என்பது மருந்தின் பொதுப்பெயர். ஏனையவை கம்பனிகள் சூட்டிய வணிகப் பெயர்கள். பொதுப்பெயரை அறிந்தவர் ஒரே மருந்தை இருமுறை வாங்கவோ உட்கொள்ளவோ மாட்டார். பெயரிடும் உரிமைக்கும் விலையிடும் உரிமைக்குமுள்ள தொடர்பை இந்நாட்டில் தெளிவுபடுத்தியவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே ஆவார். 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகி, தேவையான மருந்துகளைப் பொதுப்பெயரில் உலகச் சந்தையில் விலைகோரி வாங்கும் கொள்கையை அவர் நடைமுறைப்படுத்தினார். 1974 இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வேறிடத்தில் வாங்கிய மூலப்பொருளைக்கொண்டு ரெற்றாசைக்கிளின் கப்சூல் செய்துதர பைசர் கம்பனி மறுத்தது. அமெரிக்கத் தூதுவரும் இவ்விடயத்திற் தலையிட்டார். ரெற்றாசைக்கிளின் டொக்சிசைக்கிளினின் மூத்த உறவு. 1967 இல் டொக்சிசைக்கிளினைச் சந்தைக்குக் கொணர்ந்ததும் அதே கம்பனியே. மருந்து நோய்தீர்க்கும் பொருளாக மட்டுமன்றி இலாபத்துக்கான பண்டமாகவும் இருப்பதன் முரண்பாடு அவ்வாண்டில் வெளிப்படையாயிற்று. 1977 இன் பின் தனியார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. பிபிலே அவ்வாண்டிலேயே கயானாவிற் காலமானார்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஒவ்வொரு வினாவுக்கும் இரசாயன விடையொன்றும் சமூக விடையொன்றும் இருத்தல் புலனாகும். முன்னதை மட்டும் சொல்லுதல் அரைகுறை அறிவுறுத்தலாகும். பின்னதை மட்டும் சொல்லுதல் நோயாளியைக் கைவிடுவதாகும். கப்சூலைக் கையில் வைப்பதோடு மருந்து வழங்கல் முடிவதில்லை. அதன் பொதுப்பெயர், அளவு, எச்சரிக்கை ஆகியன உழைப்போர் வாசிக்கும் தமிழில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும். காற்புண்ணை மூடிக் கட்டவும், வேலை முடிந்ததும் நல்ல நீரிற் கழுவவும், காய்ச்சல் கண்ட அன்றே கூலியிழப்புக்கு அஞ்சாது வைத்தியரைக் காணவும் இயலும் நிலைமைகள் அமைதல் வேண்டும். அத்தகைய நிலைமைகள் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகளேயன்றி யாரும் இடும் தானமல்ல.