வீட்டுக்குள் செடி வளர்க்க எல்.இ.டி. விளக்கு: நாமே செய்வது எப்படி? எங்கே லாபம், எங்கே நஷ்டம்?

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். வீட்டை ஒட்டி ஓட்டமில்லாமல் கிடக்கும் விசைத்தறிக் கூடம் ஒன்று இருக்கிறது, பரப்பு சுமார் ஒரு சென்ட். அதற்குள் எல்.இ.டி. விளக்கு போட்டுத் தக்காளியும் குடைமிளகாயும் வளர்க்கலாம் என்பது அவர் எண்ணம். கைபேசியில் பார்த்த ஒரு காணொலிதான் தூண்டுதல். விளக்கு வாங்க வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டார்.

இதே கேள்வி இப்போது பலரிடமிருந்து வருகிறது. விளக்கில் செடி வளருமா என்றால், நிச்சயம் வளரும். அந்தச் செடி மின் கட்டணத்தைத் திருப்பித் தருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வெயிலின் விலை என்ன?

நமது பகுதியில் நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் சுமார் 5.5 யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. இதில் ஏறக்குறைய பாதிதான் செடி உணவு தயாரிக்கப் பயன்படுத்தக்கூடிய வெளிச்சம். அந்த வெளிச்சத்தைச் சாதாரண எல்.இ.டி. விளக்கால் கொடுக்க வேண்டுமானால், சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சென்டுக்கு நாள் ஒன்றுக்கு 320 யூனிட்.

தக்காளிக்கு முழு வெயில் தேவையில்லை, பாதி போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 160 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 1,280 ரூபாய். நான்கு மாதத்துக்கு 1.5 லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு சென்டில் 400 கிலோ எடுத்தாலும், ஒரு கிலோ தக்காளிக்கு மின்சாரச் செலவு மட்டும் 380 ரூபாய் ஆகிறது. மிகச் சிறந்த விலையுயர்ந்த விளக்கு வாங்கினால் இது பாதியாகக் குறையலாம். அப்போதும் கட்டுபடியாகாது. இந்த வெளிச்சத்தைத்தான் வயலில் நாம் காசு கொடுக்காமல் பெறுகிறோம்.

ஆகவே காய்க்கும் பயிர், பூக்கும் பயிர், நெல், பருப்பு எதையும் முழுக்க விளக்கை நம்பி வளர்க்க நினைக்காதீர்கள்.

அப்படியானால் விளக்கு எங்கே பயன்படும்?

குறைந்த வெளிச்சத்தில், சிறிய இடத்தில், சில நாட்களே வளரும் செடிகளுக்கு விளக்கு பயன்படும். நீங்கள் நடும் ஜி-9 திசு வளர்ப்பு வாழையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கன்று தன் தொடக்க வாரங்களை ஆய்வகத்தில், அடுக்கு அலமாரியில், வெள்ளை டியூப் லைட்டின் கீழ் கண்ணாடிப் புட்டிக்குள்தான் கழித்தது. அங்கே ஊட்டக் கலவையில் சர்க்கரை சேர்ப்பதால் மிகக் குறைந்த வெளிச்சமே போதுமானதாக இருக்கிறது. வெளியே வந்ததும் நிழல்வலைக் கூடத்தில் வைத்து வெளிச்சத்துக்குப் பழக்கிவிடுவார்கள்.

நம் வீட்டளவில் விளக்கு பயன்படும் இடங்கள் இவை:

1. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மேகமூட்டம் நீடிக்கும்போது சிறிய எண்ணிக்கையில் வளர்க்கும் காய்கறி நாற்றுகள்.
2. வெந்தயம், கடுகு, முள்ளங்கி, பச்சைப்பயறு போன்றவற்றின் இளங்கீரை. இதைத்தான் மைக்ரோகிரீன்ஸ் என்று விற்கிறார்கள்.
3. கடை, வங்கி, அலுவலகம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் மணிபிளான்ட் போன்ற நிழல் தாங்கும் அழகுச் செடிகள்.

விளக்கு தேவையே இல்லாதவையும் உண்டு. சிப்பிக்காளான் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிப்பதில்லை. ஜன்னல் வழியே வரும் மங்கலான வெளிச்சமே அதற்குப் போதும். மண்ணில்லாமல் தட்டில் வளர்க்கும் மக்காச்சோளத் தீவனத்துக்கு விதைக்குள் இருக்கும் மாவுச்சத்தே எட்டு நாள் உணவு. இவற்றுக்கு வளர்ப்பு விளக்கு வேண்டும் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

எந்த நிற விளக்கு வாங்குவது?

செடியின் பச்சையம் சிவப்பு, நீல நிற ஒளிகளை அதிகமாக உறிஞ்சுகிறது. அதனால்தான் ஊதா நிறத்தில் எரியும் விளக்குகளை அதிக விலைக்கு விற்கிறார்கள். ஆனால் சாதாரண வெள்ளை எல்.இ.டி.யும் உள்ளுக்குள் நீல விளக்குதான். அதன் மேல் பூசிய மஞ்சள் பூச்சு, நீல ஒளியில் ஒரு பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளியாக மாற்றித் தருகிறது. ஆகவே வெள்ளை விளக்கில் செடிக்கு வேண்டிய எல்லா நிறமும் இருக்கிறது.

ஊதா விளக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் கீழ் இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சளிப்பு, இலைப்புள்ளி, அசுவினி எதையும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளை விளக்கில் செடி எப்படி இருக்கிறதோ அப்படியே தெரியும்.

பெட்டியின் மேல் '1000 வாட்' என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். அதே விளக்கு உண்மையில் 100 வாட் மட்டுமே எடுக்கலாம். எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது, எத்தனை லூமன் வெளிச்சம் தருகிறது என்று கேளுங்கள். ஒரு வாட்டுக்கு 100 லூமனுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

ஒரு அலமாரி விளக்கு செய்யும் முறை

4 அடி நீளம், 2 அடி அகலம் கொண்ட இரும்பு ராக்கின் ஒரு தட்டுக்கான அளவு இது. இதில் 4 குழித்தட்டுகள் வைக்கலாம்.

தேவையானவை: 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப் லைட் 4 (பட்டையோடு சேர்ந்து வருவது, 4 அடி), எர்த் கம்பியுடன் கூடிய 3 கோர் வயர், 3 பின் பிளக், டைமர் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), விளக்கைத் தொங்கவிடச் சங்கிலி.

நான்கு டியூப் லைட்டுக்குச் சுமார் 1,000 ரூபாய் ஆகும். மற்ற பொருட்களின் விலை கடைக்குக் கடை மாறும்.

1. நான்கு டியூப் லைட்டையும் அரை அடி இடைவெளியில் ஒரு மரச்சட்டத்தில் அல்லது அலுமினியச் சட்டத்தில் வரிசையாகத் திருகிக்கொள்ளுங்கள்.
2. சட்டத்தை மேல் தட்டிலிருந்து சங்கிலியில் தொங்கவிடுங்கள். செடி வளர வளர ஏற்றி இறக்க வசதியாக இருக்க வேண்டும்.
3. நாற்றின் நுனிக்கும் விளக்குக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.
4. ராக்கின் மூன்று பக்கமும் வெள்ளைத் தாள் அல்லது வெள்ளை பெயின்ட் அடித்த அட்டையை வையுங்கள். பக்கவாட்டில் வீணாகும் வெளிச்சம் செடிக்குத் திரும்பும். ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.
5. டைமரில் 14 மணி நேரம் எரியும்படி வையுங்கள். செடிக்கு இருட்டும் தேவை. 24 மணி நேரமும் எரிய விடாதீர்கள்.

இந்த அமைப்பில் செடி மட்டத்தில் சுமார் 8,000 லக்ஸ் வெளிச்சம் கிடைக்கும். கைபேசியில் லக்ஸ் மீட்டர் செயலியைப் பதிவிறக்கித் தோராயமாக அளந்து பார்க்கலாம். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். 8,000 லக்ஸ் நாற்றுக்கும் இளங்கீரைக்கும் போதும், தக்காளி காய்க்கப் போதாது.

மின் செலவு: 80 வாட், 14 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 1.1 யூனிட். மாதத்துக்கு ஏறக்குறைய 34 யூனிட்.

சிப் வாங்கி நாமே பற்றவைத்தால்?

சாலிடரிங் தெரிந்த இளைஞர்கள் 1 வாட் எல்.இ.டி. சிப் வாங்கியும் செய்யலாம். வெள்ளை சிப் ஒன்றுக்கு 3 முதல் 3.4 வோல்ட் தேவை. பத்து சிப்பைத் தொடராக இணைத்தால் சுமார் 32 வோல்ட். இதற்கு 300 மில்லி ஆம்பியர் அளவில் மின்னோட்டத்தை மாறாமல் தரும் டிரைவரைப் பயன்படுத்த வேண்டும். எல்.இ.டி.யை நேராக மின்சாரத்தில் கொடுத்தால் எரிந்துபோகும். சிப்புக்குப் பின்னால் வெப்பம் கடத்தும் பசை தடவி அலுமினியப் பட்டையில் பொருத்துங்கள். கால் மணி நேரம் எரிந்தபின், பிளக்கைக் கழற்றிவிட்டு, பட்டையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் பட்டை போதவில்லை. அந்தச் சூட்டில் சிப் விரைவில் மங்கிவிடும்.

ஆனால் இதனால் பெரிய மிச்சம் கிடையாது. தொழில் கற்றுக்கொள்ள விரும்புவோர் செய்யலாம். மற்றவர்களுக்கு டியூப் லைட்டே நல்லது.

உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

விலை குறைந்த டிரைவர்களில் பல, வீட்டு மின்சாரத்தையும் எல்.இ.டி. பட்டையையும் பிரித்து வைப்பதில்லை. பட்டையைத் தொட்டால் 230 வோல்ட் ஷாக் அடிக்கும். நாற்று இருக்கும் இடத்தில் தரையும் கையும் எப்போதும் ஈரமாகவே இருக்கும். இரும்பு ராக் வேறு. ஆகவே,

- இரும்பு ராக்குக்கும் சட்டத்துக்கும் கட்டாயம் எர்த் கொடுங்கள்.
- ஆர்.சி.சி.பி. இல்லாமல் விளக்கைப் போடாதீர்கள்.
- தண்ணீர் தெளிக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். தெளித்து முடித்துத் தட்டு வடிந்தபின் போடுங்கள்.
- வயர் இணைப்புகளைச் செடி மட்டத்துக்கு மேலே, மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.
- இணைப்பு வேலையை எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள்.

விவசாய பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பிலிருந்து இதற்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. விற்பனைக்காக வளர்ப்பதானால், எந்தக் கட்டண வகையில் வரும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு செய்யும் முன் இதையும் பாருங்கள்

3 அடிக்கு 2 அடி இடைவெளியில் ஒரு ஏக்கர் தக்காளி நட சுமார் 7,200 நாற்று வேண்டும். 98 குழி கொண்ட தட்டில் வளர்த்தால் 74 தட்டு. நம் அலமாரித் தட்டில் நான்குதான் வைக்க முடியும். ஆகவே ஏக்கர் கணக்கில் நாற்று விடுவோருக்கு விளக்கு வழியல்ல. மேகமூட்டத்தில் நாற்று வெளிறி நீண்டால், நிழல்வலையை விலக்கிவிடுங்கள், தட்டுகளை நெருக்காமல் தள்ளி வையுங்கள், தண்ணீரையும் யூரியாவையும் குறையுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

இளங்கீரையும் அப்படித்தான். நேரடி வெயில் படாத வெளிச்சமான திண்ணையிலேயே நன்றாக வளரும். திண்ணை இல்லாதபோதுதான் விளக்கு. முளைப்புக்குப் பின் எட்டு நாள் எரிந்தால் நான்கு தட்டுக்குச் சுமார் 9 யூனிட், அதாவது தட்டுக்கு 18 ரூபாய். இந்தச் செலவு தாங்கும். ஆனால் அறுத்தால் வாங்க ஆள் இருக்கிறாரா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். நம்மூர்ச் சந்தையில் இதைக் கேட்டு வாங்குவோர் குறைவு. திருநெல்வேலி, மதுரை ஓட்டல்களிலும் கடைகளிலும் பேசி வைத்துக்கொண்டு விதையுங்கள்.

வயலில் விளக்கு எரிகிறதே?

ஓசூர், நீலகிரி பசுமைக்குடில்களில் கொய்மலர் செவ்வந்திக்கு இரவில் விளக்கு போடுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது செடிக்கு உணவல்ல, ஒரு சைகை. செவ்வந்தி, இரவு நீளமாக இருந்தால் மொட்டு வைக்கும் செடி. தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் இரவு அதற்குப் போதுமான நீளம்தான். சங்கரன்கோவிலில் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 40 நிமிடம்தான். தண்டு உயரும் முன்பே மொட்டு வந்துவிடாமல் இருக்க, நடு இரவில் சில மணி நேரம் விளக்கைப் போட்டு இரவை இரண்டாக உடைக்கிறார்கள். 100 லக்ஸ் வெளிச்சமே இதற்குப் போதும். ஒரு சென்டுக்கு ஓர் இரவில் அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். டிராகன் பழத்தில் இதே முறையைப் பருவமில்லாத காலத்தில் பூக்க வைக்கப் பயன்படுத்துகிறார்கள். வியட்நாமில் இது பரவலான பழக்கம்.

இதைப் பார்த்து மல்லிகைக்கும் விளக்கு போடலாம் என்று நினைக்க வேண்டாம். மார்கழியில் மல்லிகை வரத்து குறையக் குளிரும் காரணம். விளக்கு வயலைச் சூடாக்காது.

முடிவாக

அந்த இளைஞருடன் உட்கார்ந்து இதே கணக்கைத் தாளில் போட்டோம். நகை வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. தறிக்கூடத்தில் காளான் போடலாமா என்று இப்போது கேட்கிறார். விளக்கு ஆசையும் விடவில்லை. ஒரே ஒரு அலமாரித் தட்டில் டியூப் லைட் போட்டு, இரண்டு மாதம் மின் அளவையும் விற்பனையையும் நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கும் இதையே சொல்கிறேன். ஒரு தட்டில் தொடங்குங்கள். நோட்டில் எழுதிய கணக்கில் லாபம் தெரிந்தபின் இரண்டாவது தட்டுக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால், விளக்கு வாங்குவதற்கு முன்பே உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள்.